அங்குலமும் அம்பும்: டிராஃபி மானை முடிவுசெய்வது எது?

1958-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சாண்ட்ஸ்டோன் என்ற சிற்றூரில், பழைய வீட்டுச் சாமான்கள் விற்ற இடத்தில் பாடம் செய்த மான் தலை ஒன்று 3 டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கொம்பு சேர்ப்பதில் ஆர்வம். சில ஆண்டுகள் கழித்து முறைப்படி அளந்தபோது 206 1/8 அங்குலம் வந்தது. ஒழுங்கான கொம்பு கொண்ட வெண்வால் மான்களில் அதுவரை அளக்கப்பட்ட எதுவும் அதை எட்டியதில்லை. இந்தக் கணக்குகளைப் பேணிவரும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப், 1970-களின் தொடக்கத்தில் அதை உலக சாதனையாக ஏற்றுக்கொண்டது. அப்போது அதைச் சுட்டவர் யாரென்றே தெரியாது.

சுட்டவர் ஜேம்ஸ் ஜோர்டன். 1914-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டான்பரி ஊரருகே, யெல்லோ ஆற்றங்கரையில் சுட்டார். தலையைப் பாடம் செய்யக் கொடுத்தார். பாடம் செய்பவர் ஊர் மாறிப் போனார், அவரோடு தலையும் போயிற்று. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதைக் கண்டு ‘இது நான் சுட்ட மான்’ என்று ஜோர்டன் சொன்னதை நிறுவ நெடுநாள் பிடித்தது. 1978-இல் கிளப் அவர் பெயரை ஏற்றபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுட்டவர் யார், எப்படிச் சுட்டார், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார் என எதுவும் தெரியாத ஒரு மான் உலகின் முதல் மானாகப் பட்டியலில் நின்றது. கிளைகள் ஒழுங்கில்லாமல் பல திசையில் வளர்ந்த கொம்புகளுக்கென்று உள்ள தனிப் பட்டியலில் நிலைமை இன்னும் வியப்பானது. அதன் முதலிடத்தில் இருப்பது 1981-இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் மாவட்டத்தில் வேலியோரம் செத்துக் கிடந்த மான்: 333 7/8 அங்குலம். அடுத்த இடத்தில் இருப்பது 1940-இல் ஒஹையோவில் இறந்து கிடந்த மான்: 328 2/8 அங்குலம். அதன் தலை கென்ட் நகரில் ஒரு கிளப்பின் சுவரில் 40 ஆண்டுகளுக்கு மேல் மாட்டியிருந்தது. இரண்டையும் எந்த வேட்டைக்காரரும் வீழ்த்தவில்லை. வேட்டையே நடக்காத இடத்தில் வேட்டை முறை என்ற கேள்விக்கு என்ன பொருள்?

ஆனாலும் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே இந்தக் கேள்வி ஓயவில்லை. துப்பாக்கியால் வீழ்த்திய 150 அங்குல மானும் வில்லால் வீழ்த்திய 150 அங்குல மானும் ஒன்றா? வேட்டை முறை மாறினால் ‘டிராஃபி’, அதாவது பெருமையாகப் பேணத்தக்க வேட்டைச் சின்னம், என்பதன் வரையறையும் மாறுமா? மாறும் என்பதே என் முடிவு. பலரும் சொல்லும் காரணத்தோடு அது நின்றுவிடவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அளவு நாடா என்ன செய்கிறது என்று பார்ப்போம். கால் அங்குல அகலமுள்ள எஃகு நாடா. மான் வீழ்ந்து குறைந்தது 60 நாள் கொம்பு காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஈரம் வற்றும்போது கொம்பு சுருங்கும். தலையிலிருந்து முன்னோக்கி வளையும் முதன்மைத் தண்டின் நீளத்தை வெளிவளைவு வழியாக அளப்பார்கள். பிறகு தண்டிலிருந்து எழும் ஒவ்வொரு கிளையின் நீளம். ஓர் அங்குலமாவது நீண்டு, தன் அகலத்தைவிட நீளம் கூடியிருந்தால்தான் அது கிளை. பிறகு ஒவ்வொரு பக்கமும் நான்கு இடங்களில் சுற்றளவு. இரு தண்டுகளுக்கும் இடையே உள்ள உள் அகலம். எல்லாவற்றையும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை குறித்துக் கூட்டுவார்கள். இடக்கொம்புக்கும் வலக்கொம்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கழிப்பார்கள். ஒழுங்கான கொம்புப் பட்டியல் என்றால் தப்பி முளைத்த கிளைகளையும் கழிப்பார்கள், ஒழுங்கற்ற பட்டியல் என்றால் கூட்டுவார்கள். நாடா இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது. எந்த ஆயுதம் என்று மட்டும் கேட்பதில்லை.

அதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887-இல் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பைத் தொடங்கியபோது வட அமெரிக்காவின் பெருவிலங்குகள் அழிந்துகொண்டிருந்தன. காட்டெருமைகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. 1900 வாக்கில் வெண்வால் மான்கள் 3 முதல் 5 லட்சம் வரைதான் எஞ்சியிருந்தன என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே, தலைகளும் கொம்புகளும் சேர்ந்த தேசியத் தொகுப்பொன்றை உருவாக்கி 1922-இல் திறந்தார். மறைந்துகொண்டிருக்கும் பெருவிலங்குகளின் நினைவாகவே அதை அமைத்தார். கிளப்பின் முதல் அளவுப் புத்தகம் 1932-இல் வந்தது. இன்று வழங்கும் அளவு முறை 1950-இல் நிலைபெற்றது. இந்தக் கணக்கின் வேர் இயற்கை வரலாற்றில் இருக்கிறது. ‘இப்படியும் ஒரு மான் இந்த மண்ணில் வாழ்ந்தது’ என்று எழுதிவைப்பதே அதன் வேலை. அந்த நோக்கில் பார்த்தால் வேலியோரம் செத்துக் கிடந்த மிசௌரி மான் முதலிடம் பெறுவது முற்றிலும் சரி. அந்தக் கொம்பு அந்த நிலத்தின் சாட்சி.

ஆனால் அதே கிளப்பின் மனச்சாட்சியில் வேட்டை முறையும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. உறுப்பினராக வேண்டுமானால் ஒரு பெருவிலங்கையாவது ரைஃபிளால், நெறிப்பட்ட வேட்டையில் வீழ்த்தியிருக்க வேண்டும் என்பது முதல் விதிகளில் ஒன்று. அந்தக் காலத்தில் அடிராண்டாக் மலைகளில் வாடகை வழிகாட்டிகள் நாய்களை ஏவி மானை ஏரிக்குள் விரட்டுவார்கள். படகில் காத்திருப்பவர் நீந்தும் மானை அருகில் போய்ச் சுடுவார். இரவில் படகின் முனையில் விளக்கைக் கட்டி, ஒளியில் திகைத்து நிற்கும் மானைச் சுடுவதும் உண்டு. ஆழ்பனியில் புதைந்து ஓட முடியாமல் திணறும் விலங்கைக் கொல்வதும் உண்டு. இவை எதுவும் நெறிப்பட்ட வேட்டையாகாது என்று கிளப் அறிவித்தது. அன்று வேட்டை என்று பலர் ஒப்புக்கொண்ட ஒன்றைக் கொலை என்று பிரித்துக் காட்டிய துணிச்சல் அது. ஆக நாடா முறையைப் பார்ப்பதில்லை, வாசற்காவல் பார்க்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு எல்லா மானும் சமம்.

இந்தச் சமத்துவத்தை ஏற்காதவர்கள் வில்லாளிகள். அவர்கள் கதை 1911-இல் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. யாஹி இனக்குழுவின் கடைசி மனிதர் அந்த ஆண்டு காட்டிலிருந்து வெளியே வந்தார். மானிடவியலாளர்கள் அவரை ‘இஷி’ என்று அழைத்தனர். தன் மக்கள் அனைவரையும் இழந்த அவர், 1916-இல் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். பல்கலைக்கழக மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் வில் செய்யவும் அம்பு செய்யவும் கற்றார், மானுக்கு அருகில் ஓசையின்றிச் செல்லவும் கற்றார். போப் 1923-இல் வெளியிட்ட வில் வேட்டை நூலும், நண்பர் ஆர்ட் யங்குடன் அவர் போன வேட்டைகளும் அமெரிக்காவில் வில்லை மீண்டும் உயிர்ப்பித்தன. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே முதல் மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. நவீன அமெரிக்க வில் வேட்டை முழுவதும், அழிக்கப்பட்ட ஓர் இனத்தின் கடைசி மனிதர் கற்றுக்கொடுத்த கலைக்குக் கடன்பட்டிருக்கிறது. இதை அந்த விளையாட்டின் ரசிகர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அரசு அலுவலர்கள் பலர் நம்பவில்லை. அம்பு மானைக் காயப்படுத்தி ஓடவிடும், கொல்லாது என்றார்கள். வில்லால் பெருவிலங்கை முறையாக வீழ்த்த முடியும் என்று காட்ட ஆதாரம் தேவைப்பட்டது. அந்த ஆதாரத்தைத் திரட்டும் முயற்சியிலிருந்து 1961-இல் போப் அண்ட் யங் கிளப் பிறந்தது. அளவு முறையை பூன் அண்ட் கிராக்கெட்டிடமிருந்தே எடுத்துக்கொண்டது. நாடா அதே நாடா, கழித்தல் அதே கழித்தல். மாறியது நுழைவு அளவு. ஒழுங்கான கொம்புள்ள வெண்வால் மான் பூன் அண்ட் கிராக்கெட்டின் நிரந்தரப் பட்டியலில் ஏற 170 அங்குலம் வேண்டும். போப் அண்ட் யங்கில் 125 போதும். குழாய் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கும் தனிப் புத்தகம் உண்டு. அதன் நுழைவு அளவு 130. இந்த இடைவெளிதான் நம் கேள்விக்கு எண்ணில் எழுதிய விடை. 130 அங்குல மானை ரைஃபிளால் சுட்டவருக்குப் பெரிய புத்தகத்தில் இடமில்லை. அதே மானை அம்பால் வீழ்த்தியவர் பெயர் அச்சேறும்.

45 அங்குலச் சலுகை தாராளமாகத் தெரியலாம். ஆனால் அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ரைஃபிள்காரருக்கு 200 கெஜம் சாதாரண தூரம். மான் பெரும்பாலும் அவரை அறியாது. நுனிகள் முன்புறம் வளைந்த ரீகர்வ் வில் வைத்திருப்பவருக்கு 20 கெஜம்தான் கைவசமான தூரம். அந்த நெருக்கத்தில் மரப்பரணில் அசையாமல் நிற்கிறார். பனிக்காலக் காலை, கைவிரல் மரத்திருக்கும். வயதான கலைமான் வந்த பாதையில் நேரே வராது. காற்று எதிராக வீசும் பக்கமாகச் சுற்றி வந்து, நின்று, மூக்கை உயர்த்தும். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். வில்லை இழுக்க வேண்டுமானால் தோளும் முழங்கையும் நகர்ந்தாக வேண்டும், மானோ பக்கவாட்டில் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும் கண்ணுடையது. அதன் தலை ஒரு மரத்தின் பின்னே மறையும் அந்த இரண்டு மூன்று நொடிதான் நேரம். இழுத்தாயிற்று. மான் மரத்தின் பின்னாலேயே நின்றுவிட்டால் முழு எடையையும் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், கை நடுங்கத் தொடங்கும். நாண் ஒலி கேட்டதும் பதறிய மான் துள்ள உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். இத்தனையையும் கடந்த 125 அங்குல மானுக்கு மதிப்பளிப்பதைச் சலுகை என்று சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு மான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1993 நவம்பரில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், பிகர் ஊரருகே, மைலோ ஹான்சன் என்ற விவசாயி 213 5/8 அங்குல மானைச் சுட்டார். ஜோர்டன் மானை முந்தி இன்றுவரை ஒழுங்கான கொம்புப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது அதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஏற்கெனவே அந்த மானைப் பார்த்திருந்தார், ஊரில் பேச்சு பரவியிருந்தது. ஹான்சனும் அண்டை அயலாரும் சேர்ந்து மர அடர்வுகளைச் சுற்றி வளைத்து மானைக் கிளப்பினார்கள். ஓடும்போது ஹான்சன் ரைஃபிளால் சுட்டார். சட்டப்படியும் கிளப் விதிப்படியும் முற்றிலும் சரியான வேட்டை. 1965-இல் இல்லினாய் மாநிலம் பியோரியா மாவட்டத்தில் மெல் ஜான்சன் ரீகர்வ் வில்லால் வீழ்த்தியது 204 4/8 அங்குல மான். பரண் மீதுகூட இல்லை, தரையில், சோயா வயலோரம் மறைந்திருந்து எய்தார். போப் அண்ட் யங் கிளப் அதற்கு இஷியின் பெயரிலான தன் உயரிய விருதையும், பூன் அண்ட் கிராக்கெட் தன் உயரிய சாகமோர் ஹில் விருதையும் வழங்கின.

ஹான்சன் மான் ஜான்சன் மானைவிட 9 அங்குலம் பெரியது. கொம்பின் வரலாற்றில் ஹான்சன் மானே முதன்மை, அதில் வாதமில்லை. வேட்டையின் வரலாற்றில் என்னைக் கேட்டால் ஜான்சன் மான் பல படி மேலே. இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், ஏனென்றால் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். குழப்பமெல்லாம் முதல் பட்டியலின் எண்ணை இரண்டாவதற்கான மதிப்பெண்ணாக வாசிப்பதில்தான் வருகிறது. பூன் அண்ட் கிராக்கெட் பட்டியலில் தன் பெயரைப் பார்ப்பவர் தன் திறமைக்குக் கிடைத்த இடம் என்று நினைக்கிறார். அந்தப் பட்டியல் அவர் திறமையை ஒருபோதும் அளந்ததில்லை.

வில் என்பதும் ஒரே பொருளாக நின்றுவிடவில்லை. மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் கப்பிகளும் கம்பிகளும் கொண்ட காம்பவுண்ட் வில்லை உருவாக்கி 1969-இல் காப்புரிமை பெற்றார். இழுக்கும்போது நடுவில் பாரம் உச்சத்துக்குப் போகும், முழுதாக இழுத்த பிறகு கப்பியின் அமைப்பால் பாரத்தின் பெரும்பகுதி கையைவிட்டு இறங்கிவிடும். மரத்தின் பின்னே நின்ற மானுக்காகக் கை நடுங்கக் காத்திருந்த அந்த வேதனை பெரிதும் குறைந்துபோகிறது. போப் அண்ட் யங் கிளப் பாரக் குறைப்பு 65 விழுக்காட்டைத் தாண்டும் வில்லை நீண்ட காலம் ஏற்கவில்லை. பின்னர் உடுக்குறியிட்டு ஏற்றது. ஆயுதம் மாறும் வேகத்துக்கு விதி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கிராஸ்போ விஷயத்தில் கிளப் அசையவில்லை. துப்பாக்கிபோல் தோளில் ஊன்றும் கட்டையும் விசையும் கொண்ட இந்த வில்லை முன்கூட்டியே இழுத்துப் பூட்டிவைத்துவிடலாம். மானின் முன்னிலையில் வில்லை இழுக்க வேண்டிய நெருக்கடி முழுவதும் மறைந்துவிடுகிறது. விஸ்கான்சின் 2014-இல் எல்லோருக்கும் கிராஸ்போவை அனுமதித்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே கிராஸ்போவால் வீழ்ந்த மான்கள் கைவில்லால் வீழ்ந்தவற்றைவிடக் கூடிவிட்டன. 2021 நவம்பரில் இண்டியானா மாநிலத்தில் கிராஸ்போவால் வீழ்ந்த ஒரு மான் 211 4/8 அங்குலம் அளந்தது. வீழ்த்தியவர் பெயரால் ‘ஹஃப் மான்’ என்று அது அறியப்படுகிறது. அமெரிக்க மண்ணில் வீழ்ந்த ஒழுங்கான கொம்பு மான்களில் அதுவே பெரியது, உலகில் ஹான்சன் மானுக்கு அடுத்தது. பூன் அண்ட் கிராக்கெட் அதைப் பெருமையோடு ஏற்றது. போப் அண்ட் யங் புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை.

இதை மேட்டிமைத்தனம் என்று சாடுவோர் உண்டு. தோள்வலி கண்டவர்களுக்கும் முதியோருக்கும் கிராஸ்போ காட்டின் கதவைத் திறந்திருக்கிறது, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் போப் அண்ட் யங் காக்க நினைப்பது ஒரு குறிப்பிட்ட அருமையை. மானின் கண்ணெதிரே வில்லை இழுப்பதன் அருமை அது. அந்தக் கணத்தை நீக்கிவிட்ட கருவிக்குத் தனிப் புத்தகம் வைப்பதே நேர்மை.

இதுவரை சொன்னது ஒவ்வொரு வேட்டைக்காரரின் மதிப்பு பற்றியது. வேட்டை முறை டிராஃபியை இன்னும் ஆழமான வழியில் பாதிக்கிறது, பெரும்பாலான வாதங்கள் அதைத் தொடுவதே இல்லை. எந்த மான் பெரிய கொம்பு வளர்க்கும் வயதுவரை உயிரோடு இருக்கும் என்பதையே ஆயுதமும் பருவமும் முடிவுசெய்கின்றன.

வெண்வால் கலைமான் ஒன்றரை வயதில் முதல் கிளைக்கொம்பு தரிக்கும். ஆண்டுதோறும் உதிர்த்து வளர்க்கும். உடல் முழு வளர்ச்சி பெற்ற பிறகே கொம்பின் மீது உணவின் வளம் முழுதாகப் போகும், ஆகவே உச்சம் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் வரும். ஆனால் 1980-களின் இறுதிவரை அமெரிக்காவில் சுடப்பட்ட கொம்பு மான்களில் பாதிக்கும் மேல் ஒன்றரை வயதுக் குட்டிக் கலைகள். நவம்பரில் இணை சேரும் பருவத்தில் கலைமான் எச்சரிக்கையை மறந்து பகலில் அலையும். அந்த வாரங்களில் நெடுந்தூர ரைஃபிளோடு பெருங்கூட்டம் காட்டுக்குள் இறங்கினால் மூன்று வயதைத் தாண்டுவதே அரிது.

ஐயோவாவைப் பாருங்கள். அங்கே வில் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி இணை சேரும் பருவம் முழுவதையும் தழுவும். முக்கியத் துப்பாக்கிப் பருவம் டிசம்பரில்தான், அந்த வெறி அடங்கிய பிறகு. துப்பாக்கி என்றாலும் நீண்ட காலம் சாதாரண ரைஃபிள் கிடையாது. ஒற்றைக் குண்டு போட்ட ஷாட்கன்தான், அதன் பயன்தூரம் 100 கெஜத்தைச் சுற்றியே. இல்லினாயும் ஒஹையோவும் இதே வழியில் நீண்ட காலம் சென்றன. பெரிய கொம்புகளுக்குப் பேர்போன மாநிலங்கள் இவை என்பது தற்செயல் இல்லை. சோளமும் சோயாவும் விளையும் வளமான மண் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் வளமான மண் கொம்புக்கு வேண்டிய சத்தைத் தரும், வயதைத் தராது. மானுக்கு வயதைத் தருவது ஆயுதத்தின் எல்லையும் பருவத்தின் நாளும். இல்லினாயில் 1965-இல் 204 அங்குல மான் ஒரு வில்லாளியின் முன்னே வந்து நின்றதற்கு, அதுவரை எத்தனையோ துப்பாக்கிகள் அதை எட்டாமல் போனதும் காரணம்.

விலங்குகளும் முறையைக் கற்கின்றன. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், வயதேறும் பெண் எல்க்குகள் வேட்டைக்காரருக்கு ஏறக்குறைய சிக்காதவையாகிவிடுவதைக் கண்டார்கள். குறைவாக நடமாடின, கரடுமுரடான நிலத்தை நாடின, வில் வேட்டைக்காலத்துக்கும் துப்பாக்கிக் காலத்துக்கும் ஏற்பத் தம் போக்கை மாற்றிக்கொண்டன. ஒரு முறையில் பிழைத்த விலங்கு அந்த முறையைத் தெரிந்த விலங்காகிறது. வயதான கலைமான் அரிதாவதற்கு அதுவும் ஒரு காரணம். வேட்டைக்காரர் பார்ப்பது கொம்பு, அவரை எதிர்கொள்வது அந்த அனுபவம்.

கொம்பை வைத்து விதி செய்தால் கொம்பே மாறிவிடும் என்பதற்கு மிசிசிப்பி மாநிலம் எடுத்துக்காட்டு. இளங்கலைகளைக் காக்க 1995-இல் நான்கு கிளைக்குக் குறைந்த மானைச் சுடக் கூடாது என்று மாநிலம் முழுதும் விதி வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் சத்தான நிலத்தில் நன்றாக வளர்ந்து ஒன்றரை வயதிலேயே நான்கு கிளை தரித்த கலைகள் வேட்டைக்குள் வந்துவிட்டன. சோனியான கொம்புகள் தப்பின. அந்த வயதுக் கூட்டங்கள் முதிர்ந்தபோது சராசரிக் கொம்பளவு பல இடங்களில் குறைந்ததை மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். டிராஃபி வேண்டும் என்று வரைந்த விதி டிராஃபி வளரும் வழியை அடைத்தது.

ஆயுதம் மட்டும் முறையாகாது. சோளம் கொட்டிப் பழக்கிய இடத்தில் காத்திருப்பதும் முறைதான். டெக்சாஸில் தானியம் தூவும் கருவி வைத்து வேட்டையாடுவது சாதாரணம். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அப்படி வீழ்த்திய மானையும் பூன் அண்ட் கிராக்கெட் ஏற்கிறது. நீரில் நீந்தும் மானைச் சுடக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டில் வரைந்த கோட்டைச் சோளக் குவியலுக்கு முன்னே ஏன் வரையவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. தானியங்கி கேமரா விஷயத்தில் கிளப் தெளிவாக நின்றது. மான் எங்கே இருக்கிறது என்று அந்தக் கணமே கைபேசிக்குப் படம் அனுப்பி, அதைப் பார்த்து ஓடிப்போய்ச் சுடுவதை நெறிப்பட்ட வேட்டையாக அது ஏற்பதில்லை. அரிசோனா இன்னும் ஒரு படி மேலே போய், 2022 தொடங்கி வேட்டைக்காக இந்தக் கேமராக்களை வைப்பதையே தடைசெய்தது. வறண்ட மாநிலத்தில் நீர்நிலைகள் சில. அவற்றைச் சுற்றிக் கேமராக்கள் நின்றால் தாகமெடுத்த விலங்குக்கு ஒளிய இடமே இல்லை.

உயர்வேலிப் பண்ணைகள் இந்த வாதத்தின் எல்லைக்கல். அங்கே தேர்ந்தெடுத்து இணைசேர்த்து, சத்துத்தீவனம் ஊட்டி, இயற்கையில் காணாத கொம்புகளை வளர்க்கிறார்கள். 400 அங்குலத்தைத் தாண்டும் கொம்புகள் அங்கே உண்டு. அதைச் சுட விலைப்பட்டியல் உண்டு. பூன் அண்ட் கிராக்கெட்டும் போப் அண்ட் யங்கும் அவற்றைத் தொடுவதில்லை. சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் அவற்றுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. நாடாவே கடைசி வார்த்தை என்றால் மிசௌரி மானும் ஹான்சன் மானும் இந்தப் பண்ணை மான்களுக்குக் கீழே இருக்க வேண்டும். காட்டை அறிந்த யாரும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நாடா முறையைப் பார்ப்பதில்லை என்று தொடங்கினோம். வாசற்காவல் இல்லாவிட்டால் நாடாவுக்கே பொருளில்லை என்பதை இந்தப் பண்ணைகள் காட்டிவிட்டன.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மானை வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம்தராது, அதனால் ஆயுத வாதம் எழவில்லை. அங்கே சர்வதேச வேட்டை, வனவிலங்குக் குழுமம் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கொம்புக்குப் பதக்கம் தருகிறது. ஆனால் ஸ்காட்லாந்து மலைகளில் சம்பளத்துக்கு இருக்கும் தடமறியும் வல்லுநர் விருந்தாளியைக் காற்றுக்கெதிரே பல மணிநேரம் ஊர்ந்து நடத்திக் கொண்டுபோய், எந்த மானைச் சுட வேண்டும் என்று சுட்டிக்காட்டி, துப்பாக்கியைக் கையில் கொடுப்பார். விசையை இழுப்பது மட்டும் விருந்தாளி. சுவரில் தொங்கும் தலைக்கடியில் விருந்தாளியின் பெயர்தான் இருக்கும்.

நம் பக்கத்துக்கும் இதில் ஓர் இழை உண்டு. லண்டனின் ரோலண்ட் வார்டு 1892-இல் முதன்முதலாக வெளியிட்ட பெருவிலங்கு அளவுப் புத்தகத்தில் இந்தியாவின் கடமாவும் புள்ளிமானும் இடம்பெற்றன. நீலகிரியில் வெள்ளையர்கள் கடமாக் கொம்பைத் தேடித் திரிந்த காலம். வேட்டை விலங்குகள் ஒழிந்துவிடும் என்ற அச்சத்தில்தான் 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879-இல் விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. வார்டு புத்தகத்தின் அட்டவணைகளில் கொம்பின் நீளம், சுற்றளவு, கிடைத்த இடம் இருக்கும். அதோடு உரிமையாளரின் பெயர் இருக்கும். வீழ்த்தியவர் வேறொருவராக இருந்தாலும், ஏலத்தில் வாங்கியிருந்தாலும் உரிமையாளர் பெயர்தான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் அந்தக் கணக்கின் முடிவைத் தொடங்கிவைத்தது.

விஸ்கான்சின் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு, தானே வில் செய்து வேட்டையாடியவர். அவர் டிராஃபியை ஒரு சான்றிதழாகப் பார்த்தார். அதை வைத்திருப்பவர் ஓரிடத்துக்குப் போயிருக்கிறார், ஒன்றைத் தேடித் திறமையோடு அடைந்திருக்கிறார் என்பதற்கான சான்று. கருவிகள் பெருகப் பெருக அந்தச் சான்றின் மதிப்பு தேயும் என்று 1940-களிலேயே கவலைப்பட்டார். கைபேசிக்குப் படம் அனுப்பும் கேமரா பிறப்பதற்கு நெடுநாள் முன்பு எழுதியது அது.

அவர் சொன்னபடி டிராஃபி ஒரு சான்றிதழ் என்றால் அதில் முறை எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்று பூன் அண்ட் கிராக்கெட் பதிவுக்கு வேட்டைக்காரர் நெறிப்படி வேட்டையாடியதாகக் கையெழுத்திட்ட உறுதிமொழி தர வேண்டும். ஆனால் அச்சிட்ட பட்டியலில் வாசகர் பார்ப்பது அளவுகள், இடம், பெயர், ஆண்டு மட்டும். இந்த வரிசையில் இன்னும் சில பத்திகள் சேரவேண்டும் என்று விரும்புகிறேன்: எந்த ஆயுதம், எத்தனை கெஜம், இரை வைத்ததா, விரட்டியதா, கேமராவா, பொதுக்காடா தனியார் நிலமா, மானின் வயது என்ன. வயதைக் கீழ்த்தாடைப் பல்லின் தேய்மானத்திலிருந்தும், வெட்டுப்பல்லை அறுத்து ஆண்டு வளையங்களை எண்ணியும் கணிக்க முடியும், ஆய்வகங்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. இப்படி ஒரு புத்தகம் வந்தால் கொம்பின் அளவு வரிசையில் கீழே கிடக்கும் பல மான்கள் மேலே வரும். விஸ்கான்சினின் வடக்கே, சத்தற்ற மணல் நிலத்தில், பொதுக்காட்டில், எட்டு வயதுவரை ஒவ்வொரு நவம்பரையும் பிழைத்துக் கடந்து, 118 அங்குலக் கொம்போடு ஒரு நெடுவில்லாளியின் 15 கெஜத்துக்குள் வந்த மானுக்கு இன்று பூன் அண்ட் கிராக்கெட் புத்தகத்திலும் போப் அண்ட் யங் புத்தகத்திலும் இடமில்லை.